பிள்ளை பிறந்த மறுநாளே வீட்டுக்கா?

"தாயும் சேயும் நலம்!"

குழந்தை பிறந்ததும் சொந்தக்காரர்களுக்குப் போகும் முதல் செய்தி இதுதான். அந்தக் காலத்தில் தந்தியில் போயிற்று. இப்போது கைப்போனில் போகிறது. செய்தி போன கையோடு இன்னொரு பேச்சும் தொடங்கி விடுகிறது.

"எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள்?"

எந்த ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். இந்தக் காட்சியைக் காணலாம்.

ஞாயிற்றுக்கிழமை இரவு குழந்தை பிறந்திருக்கும். திங்கட்கிழமை மத்தியானமே, பெற்றவளின் தாயார் நர்சிடம் வந்து நிற்பார்.

"சிஸ்டரம்மா, நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. பச்சை உடம்புக்காரியைச் செவ்வாயில் கூட்டிப் போகக் கூடாது. இன்றைக்கே சீட்டுக் கொடுத்து விடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்."

"இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லையே, அம்மா! புதன்கிழமை போகலாம்."

"பெண் எழுந்து நடக்கிறாள். பிள்ளை பால் குடிக்கிறான். என்ன குறை? வீட்டில் மூத்தது அம்மா, அம்மா என்று அழுது கொண்டிருக்கிறது."

பக்கத்தில் நிற்கும் கணவனும் சேர்ந்து கொள்வான். "எனக்கு லீவு இல்லை, சிஸ்டர். இன்றைக்கு விட்டால் கூட்டிப் போக ஆள் இல்லை."

படுக்கையில் கிடப்பவளை மட்டும் யாரும் கேட்பதில்லை.

கடைசியில், "எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்" என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து விட்டு, ஆட்டோ பிடித்துப் போய் விடுகிறார்கள்.

இவர்கள் கெட்டவர்கள் அல்ல. பெண்ணின் மேல் பாசம் இல்லாதவர்களும் அல்ல. அவள் நடக்கிறாள் என்பதும் உண்மை. குழந்தை குடிக்கிறது என்பதும் உண்மை. ஆனால் ஆபத்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லை. அது உள்ளே இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் அது வெளியே தலை காட்டும். அந்த நேரத்தில் தாயும் சேயும் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே, அந்த வீட்டில் விளக்கு எரிவதும் அணைவதும் இருக்கிறது.

வலி முடிந்தது, ஆபத்து முடியவில்லை

குழந்தை வெளியே வந்து, நஞ்சும் விழுந்து விட்டால் பிரசவம் முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முடிந்தது வலிதான்.

நிறைமாதத்தில் கருப்பைக்குள் பாயும் ரத்தம் கொஞ்சமல்ல. ஒரு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் பாயும். நஞ்சு ஒட்டிக் கொண்டிருந்த இடத்தில், அது பிரிந்ததும் ரத்தக் குழாய்கள் வாய் திறந்து கிடக்கும். அந்த வாய்களை மூடுவது யார்?

கருப்பையேதான். குழந்தை வெளியே வந்ததும் அது கெட்டியாகச் சுருங்குகிறது. அதன் தசைநார்கள் ரத்தக் குழாய்களைக் கயிறு போலச் சுற்றி இறுக்குகின்றன. ரத்தம் நிற்கிறது. இயற்கை போடும் முடிச்சு அது.

அந்த முடிச்சு சில பெண்களுக்கு இறுகுவதில்லை. இறுகிய முடிச்சு சிலருக்குச் சில மணி நேரம் கழித்துத் தளர்ந்து விடும். நஞ்சில் ஒரு துண்டு உள்ளே தங்கி விட்டாலும் ரத்தம் போய்க் கொண்டே இருக்கும். பேசிக் கொண்டிருந்தவள், இரண்டு மணி நேரத்தில் உயிருக்குப் போராடும் நிலைக்கு வந்து விடலாம். உலகம் முழுவதும் பிரசவத்தில் சாகும் தாய்மார்களை அதிகமாகக் கொண்டு போவது இந்த ரத்தப் பெருக்குதான். அதுவும் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில்!

அதனால்தான் நர்சு அடிக்கடி வந்து அடிவயிற்றை அமுக்கிப் பார்க்கிறார். "வலிக்கிறதே, எதற்கு இப்படி அமுக்குகிறார்கள்?" என்று பெண்கள் முகம் சுளிப்பார்கள். அந்தக் கை, கருப்பை பந்து போலக் கெட்டியாக இருக்கிறதா, தொளதொளவென்று கிடக்கிறதா என்று பார்க்கிறது. கெட்டியாக இருந்தால் கவலை இல்லை. தொளதொளவென்று இருந்தால், உடனே ஊசி, குளுக்கோஸ், வேண்டுமானால் ரத்தம். எல்லாம் பத்தடி தூரத்தில் இருக்கின்றன.

வீட்டில்? போர்வைக்கு அடியில் ரத்தம் போய்க் கொண்டிருக்கும். "தீட்டுதானே, போகத்தான் செய்யும்" என்பார் பாட்டி. எவ்வளவு போகலாம், எவ்வளவு போகக் கூடாது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. தெரிந்து வண்டி பிடிப்பதற்குள் நேரம் கடந்து விடும்.

ஜன்னி என்பது என்ன?

"பிள்ளை பெற்ற இடத்தில் ஜன்னி கண்டு விட்டது" என்று கிராமங்களில் சொல்வார்கள். குளிர்ந்த காற்றுப் பட்டதால் வந்தது என்பார்கள். பச்சைத் தண்ணீர் குடித்ததால் வந்தது என்பார்கள். காற்று கருப்பு என்று மந்திரிக்கப் போவதும் உண்டு.

கை கால் இழுத்து, பல்லைக் கடித்து, நினைவு தப்பிப் போகும் அந்த ஜன்னிக்குப் பெரும்பாலும் காரணம் காற்றும் அல்ல, கருப்பும் அல்ல. ரத்தக் கொதிப்பு! 'பிரஷர்' என்று சொல்கிறார்களே, அதுதான்.

கர்ப்ப காலத்தில் பிரஷர் இருந்தவர்களுக்கு மட்டுமே இது வரும் என்று நினைப்பது தவறு. முன்பு சரியாக இருந்தவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு பிரஷர் ஏறலாம். பிள்ளை பிறந்த மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் அது உச்சத்துக்குப் போவது வழக்கம். பிரசவத்துக்குப் பிறகு வரும் ஜன்னியோ பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்திலேயே வந்து விடுகிறது.

இது சொல்லாமல் வருவதில்லை. மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும். கண் மங்கும், கண் முன் பூச்சி பறப்பது போல் இருக்கும். மேல்வயிறு வலிக்கும். இதைத் "தூக்கம் இல்லாத தலைவலி" என்று வீட்டில் தைலம் தடவி விட்டு விடுவார்கள். ஆஸ்பத்திரியில் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்து விடும். இழுப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் என்ற மருந்து இருக்கிறது. விலை குறைந்த மருந்து. எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றிய மருந்து. ஆனால் அதை அளவு பார்த்து, ஆள் பக்கத்தில் இருந்து கொடுக்க வேண்டும். தலைவலித் தைலம் போல வீட்டு அலமாரியில் வைத்துக் கொள்ள முடியாது.

இன்னும் ஒன்று காய்ச்சல். பிள்ளை பெற்றவள் உடம்பில் உள்ளே ஒரு பெரிய புண் இருக்கிறது. கிருமி அதில் புகுந்தால் காய்ச்சல், அடிவயிற்று வலி, கெட்ட வாடை. தையல் போட்டிருந்தால் அதையும் தினமும் பார்க்க வேண்டும். சிறுநீர் தாராளமாகப் போகிறதா என்று கேட்க வேண்டும். நீர்ப்பை நிரம்பி நின்றால் கருப்பை சுருங்குவதும் தடைப்படும். இவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். உயிர் நிற்பதும் இந்தச் சின்ன விஷயங்களில்தான்.

குழந்தையின் முதல் மூன்று நாள்

பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்து போகும் குழந்தைகளில் முக்கால் பங்கு முதல் வாரத்திலேயே இறக்கின்றன. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முதல் நாளிலேயே இறக்கின்றன. உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் கணக்கு இது.

குழந்தை அழுதது, சரி. பால் குடித்தது, சரி. இன்னும் என்ன பார்க்க இருக்கிறது?

நிறைய இருக்கிறது. முதல் நாளுக்குள் அது கரும்பச்சை நிறத்தில், தார் போல மலம் கழிக்க வேண்டும். சிறுநீர் விட வேண்டும். இல்லை என்றால் உள்ளே அடைப்பு இருக்கலாம். இருதயத்தில் பிறவிக் கோளாறு இருந்தால், அது முதல் நாளில் வெளியே தெரியாமல் இருந்து, இரண்டாம் நாள், மூன்றாம் நாள் மூச்சு வாங்குவதாக, நீலம் பாய்வதாகத் தெரிய வரலாம். எடை பார்க்க வேண்டும். எல்லாக் குழந்தையும் முதலில் கொஞ்சம் இளைக்கும். பத்து நாள், இரண்டு வாரத்தில் மீண்டும் பிறந்த எடைக்கு வந்து விடும். ஆனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இளைத்தால், பால் போதவில்லை என்று பொருள்.

பால் கொடுப்பது தானாக வரும் கலை என்று பலர் நினைக்கிறார்கள். தலைப்பிள்ளைக்காரிக்கு அது தெரியாது. பிள்ளையை எப்படிப் பிடிப்பது, காம்பு மட்டும் அல்லாமல் கருவட்டமும் வாய்க்குள் போகும்படி எப்படி வைப்பது என்று பக்கத்தில் இருந்து ஒருவர் காட்ட வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் வரும் சீம்பால் மஞ்சளாக, கொஞ்சமாக இருக்கும். "இது கெட்ட பால், பீச்சி விடு" என்று சொல்லும் வீடு இன்றும் இருக்கிறது. அந்தக் கொஞ்சம்தான் குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்து.

வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கிறது? சர்க்கரைத் தண்ணீர் வைக்கிறார்கள். தேன் தொட்டு வைக்கிறார்கள். சில இடங்களில் கழுதைப் பால் வாங்கிச் சங்கில் புகட்டுகிறார்கள். வந்த அன்றே குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டுகிறார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குளிப்பாட்டினால் குழந்தையின் உடம்புச் சூடு இறங்கி விடும். எடை குறைந்த குழந்தைக்கு அதுவே எமன். ஆஸ்பத்திரியில் இருக்கும் இரண்டு நாளில் இந்த வேலை எதுவும் நடக்காது. அதுவே குழந்தைக்குப் பாதி லாபம்!

மஞ்சள் நிறம் சொல்லும் சேதி

மூன்றாம் நாள் குழந்தையின் முகமும் கண்ணும் மஞ்சளாகும். பெரும்பாலும் பயம் இல்லாத மஞ்சள்தான். தானாகவே போய் விடும். ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் வந்தால் அது ஆபத்து. மூன்றாம் நாளுக்குப் பிறகு உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலும் ஆபத்து. கவனிக்காமல் விட்டால் மூளையைத் தாக்கும். காது கேளாமல் போகலாம். கை கால் விளங்காமல் போகலாம்.

இதற்கு மருந்து வெளிச்சம்! அது கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு நல்ல கதை.

1956-ம் ஆண்டு. இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு என்ற ஊர் ஆஸ்பத்திரி. அங்கே ஒரு தலைமை நர்சு இருந்தார். நல்ல காற்றும் வெயிலும் பட்டால் குழந்தைகளுக்கு நல்லது என்று, அவர்களை முற்றத்துக்குத் தூக்கிப் போவார். ஒரு நாள் ஒரு குழந்தையை டாக்டர்களிடம் காட்டினார். அதன் உடம்பு வெளுத்திருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் மஞ்சள், முக்கோணமாக. அந்த இடத்தைத் துணியின் மூலை மறைத்திருந்தது. வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் போயிருந்தது. படாத இடத்தில் போகவில்லை! அதைப் பிடித்துக் கொண்டு, டாக்டர் கிரீமரும் அவருடைய துணைவர்களும் ஆராய்ந்து 1958-ல் வெளியிட்டார்கள். இன்று ஆஸ்பத்திரிகளில் நீல விளக்கின் அடியில் குழந்தையைக் கிடத்துகிறார்களே, அது அந்த நர்சின் கண்ணில் பட்ட உண்மைதான்.

"அப்படியானால் வீட்டு வாசல் வெயிலில் காட்டினால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. வெயில் சில நேரம் கூடும், சில நேரம் குறையும். குழந்தையின் தோல் சுடும், அல்லது உடம்பு குளிரும். மஞ்சள் எவ்வளவு ஏறி இருக்கிறது என்று ரத்தம் பார்த்துத்தான் சொல்ல முடியும். விளக்கின் அளவும் நேரமும் கணக்குப்படி இருக்க வேண்டும்.

கெடு வைத்த ஊசிகள்

சில ஊசிகளுக்குக் கெடு உண்டு. கெடு தாண்டினால் பயன் குறையும். சிலவற்றில் பயனே போய் விடும்.

கல்லீரலைக் கெடுக்கும் மஞ்சள் காமாலைக் கிருமிக்கு எதிரான ஹெப்பாடைட்டிஸ்-பி ஊசியைக் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியும், போலியோ சொட்டு மருந்தும் அங்கேயே கிடைத்து விடும். ரத்தம் உறைவதற்கான 'வைட்டமின் கே' ஊசியும் உண்டு.

தாயின் ரத்தம் நெகட்டிவ் வகையாகவும், குழந்தையின் ரத்தம் பாசிட்டிவ் வகையாகவும் இருந்தால், 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு 'ஆன்டி-டி' என்ற ஊசி போட வேண்டும். அது பிறந்த குழந்தைக்காக அல்ல. அடுத்துப் பிறக்கப் போகும் குழந்தைக்காக! போடாமல் விட்டால், தாயின் உடம்பே அடுத்த பிள்ளையின் ரத்தத்தைப் பகையாக நினைத்து அழிக்கத் தொடங்கும். "மூத்தது நன்றாக இருக்கிறது, அடுத்தவை தங்கவில்லை" என்று முன்பு சில குடும்பங்கள் கண்ணீர் விட்டதற்கு இதுவும் ஒரு காரணம். குழந்தையின் ரத்த வகை தெரிந்து, ஊசி போட்ட பிறகுதானே வெளியே போக வேண்டும்?

பாட்டியின் பயத்துக்கும் காரணம் உண்டு

"ஆஸ்பத்திரியில் அதிக நாள் கிடந்தால் நோய் ஒட்டிக் கொள்ளும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களைக் கேலி செய்யக் கூடாது. ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது.

ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரத்தில் பெரிய பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. 1847-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், அதன் ஒரு பிரிவில் 100 தாய்மார்களுக்கு 18 பேர் காய்ச்சலில் இறந்தார்கள். அங்கே வேலை பார்த்த செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் காரணத்தைக் கண்டுபிடித்தார். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு, டாக்டர்கள் பிரசவம் பார்க்க வந்தார்கள்! "குளோரின் கலந்த தண்ணீரில் கையைக் கழுவாமல் யாரும் தாயைத் தொடக் கூடாது" என்று அவர் கட்டளை போட்டார். ஜூன் மாதம் சாவு 100-க்கு 2 என்று இறங்கி விட்டது.

நம் மதராஸ் பட்டணத்தில் 1844-லேயே பிரசவத்துக்கென்று தனி ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். இன்று எழும்பூரில் இருக்கும் பெரிய பிரசவ ஆஸ்பத்திரி அதிலிருந்து வளர்ந்ததுதான். அந்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போகவே பெண்கள் அஞ்சினார்கள். இன்றோ தமிழ்நாட்டில் 100-க்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. இது சாதாரண வெற்றி அல்ல. அவ்வளவு தூரம் வந்தவர்கள், கடைசி இரண்டு நாளை விட்டு விட்டு ஓடுவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பது போல் அல்லவா?

ஆனால் பாட்டி சொன்னதில் ஒரு பாடம் மிச்சம் இருக்கிறது. ஆஸ்பத்திரி சுத்தமாக இருந்தால்தான் அது காக்கும் இடம். தாயைத் தொடும் ஒவ்வொருவரும், பார்க்க வரும் சொந்தக்காரர் உள்பட, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கூட்டமாக வந்து, ஆளுக்கு ஆள் குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுக்கக் கூடாது.

எத்தனை நாள்?

உலக சுகாதார ஸ்தாபனம் குறைந்தது 24 மணி நேரம் என்கிறது. சிக்கல் இல்லாத சுகப்பிரசவத்துக்கும் இது பொருந்தும். இந்திய அரசு 48 மணி நேரம் இருக்கச் சொல்கிறது. ஆபரேஷன் என்றால் இன்னும் அதிகம். தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 ஆபரேஷன் என்று 2019-21 கணக்கெடுப்புச் சொல்கிறது. வயிற்றை அறுத்துத் தைத்தவளை, அறுவை நடந்த மறுநாளே வீட்டுக்குக் கேட்பது கொடுமை.

பணக்கார நாடுகளிலும் இந்தத் தகராறு நடந்தது. அமெரிக்காவில் 1990-களில், இன்ஷூரன்சு கம்பெனிகள் செலவைக் குறைப்பதற்காக, தாய்மார்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்ப வைத்தன. மக்கள் கொதித்து எழுந்தார்கள். 1996-ல் அந்த நாடு ஒரு சட்டமே போட்டது. சுகப்பிரசவத்துக்கு 48 மணி நேரமும், ஆபரேஷனுக்கு 96 மணி நேரமும் தங்குவதற்கான காசை இன்ஷூரன்சு கம்பெனிகள் குறைக்கக் கூடாது என்றது சட்டம். அங்கே தங்க விடவில்லை என்று போராடினார்கள். இங்கே தங்கச் சொன்னாலும் போய் விடுகிறார்கள்!

காசு போகுமே என்ற கவலையா?

அரசு ஆஸ்பத்திரியில் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2011-ம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அரசு கொண்டு வந்த 'ஜனனி சிசு சுரக்ஷா' திட்டத்தின்படி பிரசவம், ஆபரேஷன், மருந்து, பரிசோதனை, ரத்தம் எல்லாம் இலவசம். சுகப்பிரசவத்துக்கு 3 நாளும், ஆபரேஷனுக்கு 7 நாளும் தாய்க்குச் சாப்பாடும் இலவசம். வீட்டில் கொண்டு போய் விட வண்டியும் இலவசம். மூன்று நாள் சோறு போடுகிறேன் என்று அரசாங்கம் சொல்வதிலேயே, மூன்று நாள் இரு என்ற பொருள் அடங்கி இருக்கிறது.

வீட்டில் பத்தியம் என்று சொல்லித் தண்ணீரைக்கூட அளந்து கொடுப்பவர்கள் உண்டு. பால் கொடுப்பவளுக்குத் தண்ணீரும் வேண்டும், சோறும் வேண்டும், காய்கறியும் வேண்டும். ஆஸ்பத்திரியில் அவை வேளைக்குக் கிடைக்கும்.

இன்னொரு பலனும் உண்டு. பிறந்ததை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பெற்றோர் பெயரையும் விலாசத்தையும் எழுத்துப் பிழை இல்லாமல் கொடுத்து விட்டால், பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டாம்.

அரசாங்கமும் ஆஸ்பத்திரியும் செய்ய வேண்டியது

தவறு முழுவதும் குடும்பத்தின் மேல் இல்லை. சில இடங்களில் ஒரு கட்டிலில் இரண்டு பேர். கக்கூசுக்குள் கால் வைக்க முடியாது. கொசு பிய்த்துத் தின்னும். கூட வந்த அம்மாள் படுக்க இடம் இன்றி வராந்தாவில் புடவையை விரித்துப் படுக்கிறார். பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்லவே கையை நீட்டுகிறவர்களும் உண்டு. வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர்களும் உண்டு. இப்படி இருந்தால் யாருக்குத்தான் தங்க மனம் வரும்?

"இரு" என்று சொல்லும் ஆஸ்பத்திரி, இருக்கும்படி இருக்க வேண்டும். தாய்க்குத் தனிக் கட்டில், சுத்தமான கக்கூசு, வெந்நீர், கொசு வராத ஜன்னல், துணைக்கு வந்தவர் படுக்க ஒரு கூடம், அன்பான ஒரு வார்த்தை. இவை ஆடம்பரம் அல்ல, இவையும் மருந்துதான். காசு கேட்கும் கையை அரசாங்கம் தயவு இல்லாமல் தண்டிக்க வேண்டும். அடுத்தவளுக்குக் கட்டில் வேண்டும் என்பதற்காக, இருக்கிறவளை அவசரமாக அனுப்பும் வழக்கமும் ஒழிய வேண்டும். கட்டில் போதவில்லை என்றால் கட்டிலைத்தான் கூட்ட வேண்டும். தாயின் நாளைக் குறைக்கக் கூடாது.

வீட்டுக்குப் போகும்போது

டாக்டர் அனுப்பிய பிறகும் கவனம் வேண்டும். கீழே உள்ளவற்றில் ஒன்று கண்டாலும், நல்ல நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும். 108-க்குப் போன் செய்தால் வண்டி வரும்.

தாய்க்கு: ஒரு மணி நேரத்தில் ஒரு துணி முழுவதும் நனையும்படி ரத்தம் போவது, கடும் தலைவலி, கண் மங்கல், இழுப்பு, காய்ச்சல், கெட்ட வாடை, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, காரணம் இல்லாமல் ஓயாமல் அழுவது, பிள்ளையைக் கண்டால் வெறுப்பது.

குழந்தைக்கு: பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது; வேகமாக மூச்சு வாங்குவது; நெஞ்சுக்கூடு உள்ளே இழுப்பது; உடம்பு சுடுவது அல்லது சில்லிட்டுப் போவது; கை கால் வரை மஞ்சள்; தொப்புளில் சீழ்; இழுப்பு.

கிராம சுகாதார நர்சு வீட்டுக்கு வந்து பார்ப்பார். அவரைத் திண்ணையோடு அனுப்பி விடாமல், உள்ளே அழைத்துத் தாயையும் பிள்ளையையும் காட்ட வேண்டும்.

யார் பொறுப்பு?

மூத்த பிள்ளை அழுகிறது என்கிறார்கள். சமைக்க ஆள் இல்லை என்கிறார்கள். அந்த இரண்டு நாளும் வீட்டைப் பார்த்துக் கொள்ள வேண்டியவர் கணவர்தான். சோறு வடிக்கத் தெரியாவிட்டால் கற்றுக் கொள்ளலாம். லீவு போட வேண்டிய நாள் உண்டு என்றால், அது இந்த நாள்தான். கலியாணத்துக்குப் பத்து நாள் லீவு போட்டவர், மனைவியின் உயிருக்கு மூன்று நாள் போடக் கூடாதா?

செவ்வாய்க்கிழமை ஆகாது என்றால் புதன்கிழமை போகட்டும். புதனும் ஆகாது என்றால் வியாழன் போகட்டும். நல்ல நாள் பார்ப்பதால் ஒரு நாள் கூடட்டும். குறையக் கூடாது.

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பார்கள். அப்படியானால் அந்தக் கட்டிலில் இருப்பது ஒரு குழந்தை அல்ல, இரண்டு. புதிதாகப் பிறந்த இருவரையும் பக்குவமாகத்தானே எடுத்துப் போக வேண்டும்?

பத்து மாதம் காத்திருந்த குடும்பம், இன்னும் இரண்டு நாள் காத்திருக்கட்டும். டாக்டர் பார்த்துச் "சரி" என்று சொல்லட்டும். வாசலில் ஆரத்தி எடுத்து உள்ளே அழைக்கும் அந்த நாளில், ஊருக்கெல்லாம் இன்னொரு முறை சொல்லலாம்:

"தாயும் சேயும் நலம்!"

அன்றைக்குத்தான் அந்தச் செய்தி முழு உண்மை.